தப்பா எடுத்துக்காதீக, தங்கமான புள்ள

நல்ல வார்த்த மட்டுமே சொல்லி ரெண்டு சம்பந்தத்த முறிச்ச ஆளு இந்த ஒலகத்துலயே ஒருத்தருதான் இருக்க முடியும். அவரு எங்க ஊரு விலக்குல பஞ்சர் கடை வச்சிருக்காரு. முறிஞ்ச ரெண்டு சம்பந்தமும் எங்கக்காவுக்கு வந்தது. அதனால நான் சும்மா அளந்து விடுறேன்னு நெனைக்க வேணாம்.

ஊரு பேரச் சொல்ல மாட்டேன், சொன்னா எங்கப்பா போனப் புடுங்கிருவாரு. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்குப் போற வழியில, ரெண்டு பக்கமும் வேலிக்கருவ, நடுவுல ஒரு ரோடு பிரியும். அதான் விலக்கு. பஸ்ஸு அங்கனயே எறக்கி விட்டுட்டுப் போயிரும். அங்க இருந்து ஊருக்கு ஷேர் ஆட்டோ வரணும், இல்ல நடக்கணும். நெழலுன்னு இருக்குறது தப்பாண்ணன் கடைத் தகரம் மட்டுந்தான்.

அவரு சொந்தப் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. ஊருல கேட்டுப் பாத்தேன், யாருக்கும் தெரியல. "தப்பா எடுத்துக்காதீக"ங்கிறது இல்லாம அவரு வாயில இருந்து ஒரு நல்ல சேதி வெளிய வராது, அதனால தப்பாண்ணன். அம்புட்டுத்தான்.

எல்லாருக்கும் இப்படி ஒரு வியாதி இருக்கத்தான் செய்யுது. எங்கப்பாவுக்கு "நான் அப்பவே சொன்னேன்". அவரு அப்ப ஒண்ணுமே சொல்லிருக்க மாட்டாரு. எங்கம்மாவுக்கு "எனக்கென்ன வந்துச்சு". அதச் சொல்லிட்டு மூணு மணி நேரம் அதப் பத்தியே பேசும். என் ஃபிரண்டு ஒருத்தி போன் பண்ணா "வேற என்ன"ன்னு நாப்பது தடவ கேப்பா, வேற ஒண்ணும் இல்லன்னாலும் வைக்க மாட்டா. இதெல்லாம் மொக்க, ஆனா ஆபத்து இல்ல. தப்பாண்ணனோடது ஆபத்து.

ஒருத்தரு நம்மளப் பாத்து "தப்பா எடுத்துக்காதீக"ன்னு ஆரம்பிச்சா என்ன தோணும்? செஞ்ச பாவமெல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வரும். எங்க பள்ளிக்கூடத்து சார் ஒருத்தரு ஒரு நா பைக்குக்குக் காத்து அடிக்க நின்னாரு. தப்பாண்ணன் எந்திரிச்சு, கையத் தொடச்சு, மெதுவா பக்கத்துல வந்தாரு.

"சார், தப்பா எடுத்துக்காதீக."

சாருக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. "என்னப்பா? எதுவா இருந்தாலும் சொல்லிரு."

"காத்து அடிச்சாச்சு."

சாரு பெருமூச்சு விட்டு வண்டியக் கெளப்பி முப்பதடி போன பொறகு, இங்க இருந்து சாவகாசமா ஒரு கொரலு. "சார், பின் பிரேக்கு கட்டாகிருக்கு." அதுக்கு முன்னாடி தப்பா எடுத்துக்காதீக இல்ல. சாரு வேலிக்கருவைக்குள்ள போயித்தான் நின்னாரு.

இதுதான் அவரு சட்டம். நல்லதுக்கு முன்னாடி மன்னிப்பு. கெட்டதுன்னா நேரா போட்டு ஒடச்சிருவாரு. "ஒங்க மாடு ரோட்டுல அடிபட்டுக் கெடக்கு." "ஒங்க மகன் பரீட்சைக்குப் போகல, பஸ்ஸ விட்டு இங்கனயே எறங்கிட்டான்." பட்டுன்னு சொல்லிட்டு ட்யூப் தேய்க்க ஆரம்பிச்சிருவாரு. கல்யாணமான புதுசுல அவரு சம்சாரத்துக்கிட்ட "தப்பா எடுத்துக்காத, ஒன்னைய எனக்குப் புடிச்சிருக்கு"ன்னு சொல்லப் போக, அந்தக்கா ரெண்டு நாளு அழுதுட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிருச்சாம். இதையும் அவரே சொன்னாரு. தப்பா எடுத்துக்காதன்னு சொல்லிட்டுத்தான் சொன்னாரு.

சரி, கல்யாணம் எப்படி நின்னுச்சு?

எங்க பக்கம் பொண்ணு எடுக்குறதுக்கு முன்னாடி மாப்பிள்ள வீட்டுல இருந்து ஒருத்தரு சத்தமில்லாம வந்து விசாரிப்பாக. நேரா ஊருக்குள்ள வர மாட்டாக. விலக்குல நின்னு, காத்து அடிக்கிற சாக்குல பஞ்சர் கடையில பேச்சுக் குடுப்பாக. மொத கேள்வி மழை. ரெண்டாவது கேள்வி பருத்தி. மூணாவதுதான் பொண்ணு. ஆக ஊருல இருக்குற அம்புட்டுப் பொண்ணுகளோட தலையெழுத்தும் தப்பாண்ணன் தகரத்துக்குக் கீழதான் கெடக்கு.

அக்காவுக்கு மொத வரன் வந்தப்ப அந்தப் பக்கத்து ஆளு விலக்கு வரைக்கும் வந்து, காத்து அடிச்சு, அப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. ஊருக்குள்ள காலே வைக்கல. ஜாதகம் ஒத்து வரலன்னு தகவலு. ரெண்டாவது வரனும் அதே மாதிரி விலக்கோட சரி. தரகருதான் அப்பாகிட்ட வந்து முணுமுணுத்தாரு, "ஒங்க ஊரு விலக்குல எவனோ பொண்ணப் பத்தி என்னமோ சொல்லிருக்கான்"னு.

எங்கப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டியில போனாரு. நான் பின்னாடி ஒக்காந்து போனேன், சண்டையப் பாக்கணும்ல.

"ஏப்பா, எம்மகளப் பத்தி என்னய்யா சொன்ன?"

"தப்பா எடுத்துக்காதீக, தங்கமான புள்ளன்னு சொன்னேன்."

அப்பா ஓங்குன கைய என்ன செய்யுறதுன்னு தெரியாம அந்தக் கையாலயே தலையச் சொறிஞ்சாரு. என்னன்னு சண்ட போடுறது? எம்மகள எப்படிய்யா தங்கம்னு சொல்லலாம்னா? திரும்பி வாரப்ப வழி பூரா, "அவன் தப்பா ஒண்ணும் சொல்லலியே, சொல்லலியே"ன்னு பேசிக்கிட்டே வந்தாரு. வீட்டுக்கு வந்ததும் "நான் அப்பவே சொன்னேன்"னாரு. எதன்னு அம்மா கேட்டுச்சு. அவருக்குத் தெரியல.

இந்த வியாதி ஏன் வந்துச்சுன்னு ஒரு கத உண்டு. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல இருந்து விசாரிக்க வந்த ஒருத்தருகிட்ட, மாப்பிள்ள குடிப்பான்னு உள்ளதச் சொல்லிருக்காரு. அந்த மாப்பிள்ள வீட்டாளுக வந்து அவரு காத்தடிக்கிற பம்பத் தூக்கிக் கம்மாயில எறிஞ்சுட்டாக. எங்க கம்மாயில எப்பத் தண்ணி இருந்துச்சு, நடந்து போயி எடுத்துட்டு வந்துட்டாரு. அன்னையில இருந்துதான் இப்படின்னு சொல்றாக. அப்படிப் பாத்தா கெட்டது சொல்றதுக்கு முன்னாடியில்ல மன்னிப்புக் கேக்கணும்? இவரு நல்லதுக்குக் கேக்குறாரு. நான் பி.காம் முடிச்சவ, டெபிட்டு கிரெடிட்டெல்லாம் புரியுது, இது மட்டும் சத்தியமா புரியல.

மூணாவதா காரியாபட்டிப் பக்கத்துல இருந்து ஒரு வரன் வந்துச்சு. எங்கக்கா பாளையம்பட்டியில ஒரு மெடிக்கல் ஷாப்புல வேல பாக்குது. முன்னாடி வந்த ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லி விட்டவுக. இவன் போன்ல பேசுனப்ப, "கடைக்கு எத்தன மணிக்குப் போவீங்க, பஸ்ஸு சரியா கெடைக்குதா"ன்னு கேட்டிருக்கான். அக்கா போன வச்சுட்டு செவத்தப் பாத்துச் சிரிச்சுச்சு. எங்கக்கா சிரிச்சு நான் பாத்தே ரெண்டு வருசமாச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது முறிஞ்சா அது தாங்காதுன்னு.

ஒரு நா காலைல அக்கா போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. மாப்பிள்ள மெசேஜு. 'பெரியப்பா விசாரிக்கக் கெளம்பிட்டாரு.'

"ஏ, எப்படியாச்சும் தப்பாண்ணன வாயத் தெறக்க விடாம பாத்துக்கடி."

"நான் எப்படிக்கா? வாயில பஞ்சர் ஒட்டவா?"

"என்னமோ செய்யி. ஒனக்குத்தான் மூள இருக்குல்ல."

இருந்துச்சு. ஒரு அஞ்சு நிமிசம் பயங்கரமா வேல செஞ்சுச்சு. தப்பாண்ணன் கையில வேல இருந்தா யாரு கூடயும் பேச மாட்டாரு, தலையத் தண்ணித் தொட்டிக்குள்ள கவுத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. அதனால அவருக்கு ஒரு வேல குடுக்கணும். செவத்துல இருந்து காலண்டரக் கழட்டி, ஆணியப் புடுங்கி, என் ஸ்கூட்டி டயர்ல கல்லால அடிச்சு ஏத்துனேன். புஸ்ஸுனு போயிருச்சு. அந்த வெயில்ல விலக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன்.

"அண்ணே, பஞ்சர்."

அவரு டயர ஒரு சுத்து சுத்துனாரு. ஆணியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"தப்பா எடுத்துக்காத தாயி."

செத்தேன்னு நெனச்சேன்.

"ஒக்காரு"ன்னாரு.

ட்யூப்பக் கழட்டித் தொட்டித் தண்ணியில விட்ட நேரம், வெள்ளச் சட்ட, பையில ரெண்டு பேனா, பழைய பைக்குல ஒருத்தரு வந்து நின்னாரு. காத்து அடிக்கணும்னாரு. நம்ம பெரியப்பாதான்.

"கையில பஞ்சர் இருக்கு. அர மணி நேரமாகும்."

"ஆகட்டும் ஆகட்டும். எனக்கென்ன அவசரம்."

ஒரு பழைய டயர இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டாரு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. நான் பஞ்சர் ஆக்காம இருந்திருந்தா காத்து அடிச்சு ரெண்டு நிமிசத்துல போயிருப்பாரு. இப்ப நானே அர மணி நேரம் ஒதுக்கிக் குடுத்திருக்கேன்.

"ஊருல மழையெல்லாம் எப்படி?"ன்னு ஆரம்பிச்சாரு பெரியப்பா.

தப்பாண்ணன் வாயத் தெறக்குறதுக்குள்ள நான் பூந்துட்டேன். எங்க ஊருல பேயாத மழையப் பத்தி பத்து நிமிசம் பேசுனேன். போன வருசம் பேயாதது, அதுக்கு முந்தின வருசம் பேயாதது, திருச்சுழியில பேஞ்சும் இங்க பேயாதது. பருத்தியப் பத்தியும் நானே பேசுனேன். பருத்தியப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது வெள்ளையா இருக்கும்ங்கிறதுதான். பெரியப்பா தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாரு. நான் மூச்சு வாங்குன கேப்புல, கழுத்த என்னையத் தாண்டி நீட்டிக் கேட்டுட்டாரு.

"இந்த ஊருல மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குப் போற புள்ள ஒண்ணு இருக்காமே. எப்படி?"

தொட்டித் தண்ணியில இருந்து குபுகுபுன்னு காத்து முட்ட முட்டையா வந்துச்சு. தப்பாண்ணன் அதையே பாத்துக்கிட்டு,

"தப்பா எடுத்துக்காதீக"ன்னாரு.

பெரியப்பா மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. டயரோட கிட்டக்க நகந்து வந்தாரு. "சும்மா சொல்லுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

"தங்கமான புள்ள."

"ம்ம். அவுக அப்பா?"

"தப்பா எடுத்துக்காதீக, ஒரு வம்பு தும்புக்கும் போகாத மனுசன்."

"அம்மா?"

"தப்பா எடுத்துக்காதீக, அவுகளும் நல்லவுகதான்."

பெரியப்பா எந்திரிச்சுட்டாரு. "என்னய்யா இது. எல்லாரும் நல்லவுகன்னா, இதுல நான் தப்பா எடுத்துக்க என்னய்யா இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன். எடுத்துக்காதீக."

என்னால முடியல. "அது அவருக்கு வாய்ப் பழக்கம் மாமா. எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாரு"ன்னு கத்திட்டேன்.

மாப்பிள்ளைக்குப் பெரியப்பான்னா எனக்கு மாமா மொறதான். காலைல இருந்து மனசுக்குள்ள மாமா மாமான்னு சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்ததுல வாயில வந்துருச்சு. பெரியப்பா மெதுவா திரும்பி என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"மாமாவா? இந்த ஊருல எனக்கு எவ மருமக? நீ யாரும்மா?"

"நான்... பஞ்சர்"னேன். மூணு வருசம் டிகிரி படிச்சவளுக்கு வந்த பதிலு அது.

தப்பாண்ணன் தலையத் தூக்கவே இல்ல. முன்னாடி தப்பா எடுத்துக்காதீகவும் இல்ல.

"அந்தப் புள்ளையோட தங்கச்சி. ஒங்கள என்கிட்டப் பேச விடாம பண்ணத்தான் தன் வண்டியில தானே ஆணிய அடிச்சுக்கிட்டு வந்திருக்கு. ரோட்டுல ஏறுற ஆணி துரு ஏறிக் கோணையா இருக்கும். இது நேரா எறங்கிருக்கு, வீட்டுல காலண்டர் மாட்டுற ஆணி."

எனக்கு அந்தத் தொட்டித் தண்ணிக்குள்ளயே முங்கிரலாம் போல இருந்துச்சு. பெரியப்பா கைய நீட்டி அந்த ஆணிய வாங்கி உருட்டி உருட்டிப் பாத்தாரு. அப்பறம் சட்டப் பையில பேனாவுக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டாரு. காத்து அடிக்காமயே வண்டியக் கெளப்பிக்கிட்டு வந்த வழியே போயிட்டாரு. ஆணிய எதுக்குக் கொண்டு போனாரு? சாட்சிக்கா? எனக்கு ஒண்ணும் வெளங்கல.

ஆறு நாளு ஒரு தகவலும் இல்ல. மாப்பிள்ளைக்கு மெசேஜு போட்டா, 'பெரியப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு'ன்னு பதிலு. அப்பா காட்டு வேலைக்குப் போறதும் வர்றதுமா இருந்தாரு. அம்மா "காலண்டரு ஏன் கீழ கெடக்கு, எனக்கென்ன வந்துச்சு"ன்னு தெனமும் கேட்டுச்சு. அக்கா என்னையத் திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. தட்டுல சோத்தப் போட்டு அது பாட்டுக்கு வச்சுட்டுப் போகும். அஞ்சாவது நாளு என்னால தாங்க முடியல.

"எல்லாம் அந்தத் தப்பாண்ணனால. ரெண்டு வரனையும் அந்தாளுதான் கெடுத்தாரு, இப்ப மூணாவது. நான் போயி நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன் பாரு."

"முன்னாடி ரெண்டும் அவரு கெடுக்கல"ன்னுச்சு அக்கா.

"பின்ன?"

"நான்தான் போயிச் சொல்லிட்டு வந்தேன். 'அண்ணே, எனக்கு இந்த எடம் வேணாம், யாராச்சும் விசாரிக்க வந்தா நீங்க வழக்கம் போல பேசுங்க'ன்னு."

எனக்கு வாய மூட முடியல. "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'தப்பா எடுத்துக்காத தாயி, வண்டிக்குக் காத்து அடிக்கணுமா'ன்னு கேட்டாரு."

"அப்படின்னா புரிஞ்சுதா, புரியலயா?"

"அதத்தான்டி நானும் ரெண்டு வருசமா யோசிக்கிறேன்."

ஏழாவது நாளு காலைல வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. தேங்கா, பழம், பூவு, பதினோரு பேரு. முன்னாடி பெரியப்பா. எங்கப்பா சட்ட கூட போடாம நின்னாரு. பெரியப்பா உள்ள வந்து, கீழ கெடந்த காலண்டரப் பாத்தாரு, பையில இருந்து அந்த ஆணிய எடுத்து எங்கம்மா கையில குடுத்தாரு.

"இத மொதல்ல அடிங்க. தேதி பாக்கணும்ல."

பொறவு காப்பி குடிக்கிறப்ப அப்பா மெதுவா கேட்டாரு, "விலக்குல அந்தாளு என்னமோ..."ன்னு இழுத்து.

"அட, நாலு ஊருல விசாரிச்சிருக்கேன். எல்லாரும் மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாக. நல்லதச் சொல்லவே இம்புட்டுப் பயப்படுறவன், கூட்டிச் சொல்லிருக்க மாட்டான்னு நெனச்சேன். வீட்டுல ஆறு நாளா அதத்தான் யோசிச்சேன்"னாரு.

"நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு எங்கப்பா.

அருப்புக்கோட்டையில மண்டபத்துல கல்யாணம். தப்பாண்ணன் சம்சாரத்தோட வந்தாரு. எண்ணெய்க் கற போகாத கை, இஸ்திரி போட்ட சட்ட. கால்ல மிதிக்கிற பம்பு ஒண்ண கலர் பேப்பர் சுத்திக் கொண்டாந்திருந்தாரு. கல்யாணத்துக்குப் பம்பு குடுத்த ஆளையும் நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அவரு மேடையேறி வாயத் தெறந்ததும் எங்க சொந்தம் பூரா கப்சிப்புன்னு ஆயிருச்சு. கெட்டத மட்டுந்தான் இந்தாளு மன்னிப்பு இல்லாம சொல்லுவாரு, அதனால அந்த வார்த்த முன்னாடி வரணும் வரணும்னு நான் சாமியக் கும்பிட்டேன்.

"ரெண்டு பேரும் நல்லா இருப்பீக"ன்னாரு. அம்புட்டுத்தான். முன்னாடி ஒண்ணும் இல்ல.

எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. ஆனா அக்கா கண்ணு கலங்கி, அவரு கால்ல விழுந்துருச்சு. அவரு பதறிப் போயி, "தப்பா எடுத்துக்காத தாயி, எந்திரி"ன்னாரு.

சாப்பாட்டுப் பந்தியில பக்கத்துல ஒக்காந்து நேராவே கேட்டுட்டேன். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெசமாவே எல்லாம் தெரிஞ்சுதான் பேசுனீகளா?"

"எத தாயி?"ன்னாரு. மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. ரசம் ஓடாம எலையில சோத்த அணை கட்டிக்கிட்டு இருந்தாரு.

இப்ப எனக்குப் பாக்க ஆரம்பிச்சிருக்காக. எவன் எப்ப விலக்குல வந்து நிப்பான்னு தெரியாது, எனக்கு வேணும்னு சொல்லணுமா, வேணாம்னு சொல்லணுமான்னும் தெரியாது. அதனால வேலைக்குப் போறப்ப தெனமும் அங்கன வண்டிய நிப்பாட்டுறேன். அவரு டயர அமுக்கிப் பாத்துட்டு, "தப்பா எடுத்துக்காத தாயி, காத்து நல்லாத்தான் இருக்கு"ம்பாரு.

"தெரியும்ணே, சும்மா அடிங்க"ன்னு சொல்லிட்டு, அந்தப் பழைய டயர இழுத்துப் போட்டு ஒக்காந்துக்குவேன்.